பழைய காருக்குக் குளிர்ச்சி திரும்புமா?

சித்திரை மாதத்து நண்பகல். திண்டுக்கல் மலைக்கோட்டையின் மொட்டைப்பாறை காலையிலிருந்து கிரகித்த வெயிலையெல்லாம் நகரத்தின்மீது திருப்பி வீசிக்கொண்டிருந்த அந்த வேளையில், பழனி சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில், வேப்பமரத்து நிழல் எட்டும் இடமாகப் பார்த்து நிறுத்தப்பட்டிருந்த வெள்ளை மாருதி 800 ஒன்றின் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, மெக்கானிக் ஒருவர் சோப்பு நுரையைத் தூரிகையால் ரப்பர்க் குழாயின் மூட்டுகளில் தடவிக்கொண்டிருந்தார். வண்டிக்குச் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மனைவியை மதுரைக்கு அழைத்துப் போய் வரவேண்டிய கட்டாயத்தில் இருப்பவர். அவர் முகத்தில் வியர்வையைவிட விசாரமே மிகுந்திருந்தது.

“போன சித்திரையில்தானே தம்பி கேஸ் போட்டோம்? அதுக்குள்ள தீர்ந்துபோச்சா?”

“தீரல சார். எங்கேயோ வெளியே போயிருக்கு. எங்கே போச்சுன்னு பார்க்காம மறுபடியும் அடைச்சுவிட்டா, அடுத்த சித்திரைக்கும் இங்கேதான் வந்து நிப்பீங்க.”

சிறிது நேரத்தில், கம்பிரசருக்கு அருகே, எண்ணெயும் புழுதியும் கலந்து கறுத்துப் போயிருந்த ஒரு மூட்டில், நுரை மெள்ளக் குமிழிடத் தொடங்கியது. எண்ணெய்க் கறை படிந்த இடத்தை முதலில் பார் என்பது இந்தத் தொழிலில் பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம்; வாயு கசியும்போது தன்னோடு கம்பிரசர் எண்ணெயையும் சிறிது சிறிதாக வெளியே கொண்டுவருகிறது; அந்த ஈரத்தில் நம் ஊர்ச் செம்மண் புழுதி ஒட்டிக்கொண்டு, கசிவின் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

அந்த ஆசிரியர் கேட்ட கேள்வியைத்தான் இந்தக் கோடையில் திண்டுக்கல் நகரத்திலும், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, நத்தம் ஆகிய சுற்றுவட்டாரங்களிலும் பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பலவும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பெட்ரோலைப் போலக் குளிர்வாயுவும் ஓட ஓடச் செலவாகும் பொருள் என்ற நம்பிக்கை நம்மிடையே வெகு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது உண்மையன்று. குளிர்வாயு மூடிய குழாய்களுக்குள் சுற்றிச்சுற்றி வரும் பொருள். ரப்பர் வழியாகவும் மூட்டுகள் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் குறைவது இயல்பே எனினும், ஒரே வருஷத்தில் குளிர்ச்சியே நின்றுபோகும் அளவுக்குக் குறைந்துவிட்டதென்றால், எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. ஓட்டையைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்பி அனுப்பும் வழக்கத்தால், வண்டிக்காரரின் பணம், கம்பிரசரின் ஆயுள், மெக்கானிக்கின் தேகநலம், நம் தலைக்கு மேலுள்ள ஆகாயம் ஆகிய எல்லாவற்றுக்கும் எவ்வளவு நஷ்டம் விளைகிறது என்பதை நாம் இன்னும் நிதானமாகக் கணக்கிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

> பெட்டிச் செய்தி: குளிர்ச்சி எப்படிப் பிறக்கிறது?
>
> காருக்குள் குளிர் உற்பத்தியாவதில்லை. உள்ளே இருக்கும் உஷ்ணந்தான் வெளியேற்றப்படுகிறது. ஏற்றச்சால் கிணற்றடியில் நீரை முகந்து மேலே வந்து கொட்டிவிட்டு மறுபடியும் வெறுமையாகக் கீழே இறங்குவதைப் போல, குளிர்வாயு காருக்குள்ளிருந்து உஷ்ணத்தை முகந்து வெளியே கொட்டிவிட்டுத் திரும்புகிறது. கம்பிரசர் வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. முன்புறத்துக் கண்டென்சரில் அது வெளிக்காற்றுக்குத் தன் உஷ்ணத்தைக் கொடுத்துத் திரவமாகிறது. டிரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய துவாரத்தைக் கடந்ததும் அழுத்தம் சட்டென்று குறைய, டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள கூலிங் காயிலில் அது கொதித்து ஆவியாகி, அந்த ஆவியாதலுக்கு வேண்டிய உஷ்ணத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சாதாரண வாயுமண்டல அழுத்தத்தில், பழைய கார்களில் சுற்றிய ஆர்-12 வாயு பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 30 டிகிரியிலும், அதற்குப் பின் வந்த ஆர்-134ஏ வாயு ஏறக்குறைய 26 டிகிரியிலும் கொதிக்கும்.

இரண்டு வாயுக்களின் கதை

பழைய காரின் குளிர்சாதனத்தைப் பழுதுபார்க்கப் புகுமுன் அதனுள் எந்த வாயு இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம். ஆரம்ப காலத்துக் குளிர்பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டையாக்சைடு போன்ற விஷவாயுக்கள் பிரயோகத்தில் இருந்தன. அவற்றுக்கு மாற்றாக, எரியாததும் நச்சுத்தன்மை மிகக் குறைந்ததுமான ஆர்-12 முதலிய குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களை, 1920-களின் இறுதியில் அமெரிக்காவில் தாமஸ் மிட்க்லியும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தார்கள். 1939-இல் பாக்கார்டு நிறுவனம் தன் கார்களில் குளிர்சாதனத்தைத் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுக்க முன்வந்தது. அந்தச் சௌகரியம் நம் நாட்டில் சாதாரணக் குடும்பங்களை எட்டுவதற்குள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்துபோயிற்று. அம்பாசடரும் பத்மினியும் வைத்திருந்தவர்களில் வசதியுள்ளவர்கள் டாஷ்போர்டுக்குக் கீழே தனிப்பெட்டியாகக் குளிர்சாதனத்தை வெளியில் வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பின்பே தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட ‘ஏசி கார்’ நடுத்தரக் குடும்பத்தின் கனவுக்குள் புகுந்தது.

1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், இந்தக் குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் மேல் வாயுமண்டலத்தை அடைந்ததும் சிதைந்து, அவற்றிலிருந்து விடுபடும் குளோரின் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எழுதினார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் கண்டு வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16-இல், ஓசோனை அழிக்கும் பொருள்களைக் குறைப்பதற்கான மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1992-இல் இந்தியா அதில் சேர்ந்தது. நம் சேலம் மாவட்டத்து மேட்டூரும் இந்த வாயுக்கள் தயாரான இந்தியத் தலங்களில் ஒன்று என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, 2003 தொடக்கத்திலிருந்து புதிய குளிர்சாதனங்களில் ஆர்-12 போன்றவற்றைப் பயன்படுத்துவது நின்றது. 2010 தொடக்கத்தோடு அவற்றின் உற்பத்தியும் உபயோகமும் முடிவுக்கு வந்தன. கார்களில் ஆர்-12-இன் இடத்தைப் பிடித்தது, ஓசோனைக் கெடுக்காத ஆர்-134ஏ.

ஆகவே, தொண்ணூறுகளில் வாங்கிய காரொன்று உங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்றால், அது முதலில் ஆர்-12-க்காக வடிவமைக்கப்பட்டதாக இருக்கக்கூடும். பானெட்டுக்கு அடியில் ஒட்டப்பட்ட சீட்டு இன்னும் அழியாதிருந்தால் அது விஷயத்தைச் சொல்லும். சீட்டு அழிந்துபோயிருந்தாலும் வாயு நிரப்பும் முனையின் வடிவமே அடையாளம்: ஆர்-12 காலத்து முனைகள் திருகுமறை உள்ளவை, ஆர்-134ஏ முனைகள் அழுத்திப் பூட்டும் வகையைச் சேர்ந்தவை.

வாயுவை மாற்றினால் போதுமா?

போதாது. இங்கேதான் வண்டிக்காரர்கள் பெரிதும் ஏமாற்றமடைகிறார்கள். இங்கேதான் நல்ல மெக்கானிக்கும் அவசர மெக்கானிக்கும் வேறுபடுகிறார்கள்.

ஆர்-12 சுற்றிய சாதனங்களில் கம்பிரசருக்கு உயவாக இருந்தது கனிம எண்ணெய். அந்த எண்ணெய் ஆர்-134ஏ வாயுவோடு கலப்பதில்லை. கலவாத எண்ணெய் வாயுவோடு சேர்ந்து பயணம் செய்யாமல் கூலிங் காயிலின் அடியிலும் டிரையரிலும் தேங்கிவிட, கம்பிரசர் உயவின்றி உராய்ந்து, சில மாதங்களிலேயே பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்து, உலோகத் துகள்கள் சுற்று முழுவதும் பரவி, எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்து, ஒரு பாகத்தின் பழுது எல்லாப் பாகங்களின் பழுதாக முடிகிறது. எனவே பழைய எண்ணெயை வடித்து, குழாய்களையும் காயில்களையும் அதற்குரிய திரவத்தால் அலசி, பிஏஜி அல்லது எஸ்டர் வகை எண்ணெயை அளந்து ஊற்றவேண்டும். கனிம எண்ணெயின் மிச்சத்தைப் பொறுத்துக்கொள்வதில் எஸ்டர் வகை சற்றுத் தாராளமானது. முற்றிலும் அலச முடியாத பழைய சாதனங்களில் அதையே பலரும் விரும்புவது இதனால்தான்.

அடுத்தது டிரையர். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த அந்தச் சிறு குப்பியை, சாதனத்தைத் திறந்த ஒவ்வொரு தடவையும் மாற்றிவிடுவதே உத்தமம். வாயு போனபின் ஆறு மாதம் திறந்தே கிடந்த சாதனத்தின் டிரையர், காற்றிலுள்ள ஈரத்தை வயிறு நிறையக் குடித்துவிட்டிருக்கும். அந்த ஈரம் வால்வின் வாயில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும்; எண்ணெயோடும் வாயுவோடும் சேர்ந்து அமிலமாகிக் காயிலை உள்ளிருந்தே அரிக்கும். சிறு தொகையை மிச்சம் பிடிக்க எண்ணி டிரையரை விட்டுவிடுவது, இந்தத் தொழிலில் நான் கண்ட பொய்யான சிக்கனங்களில் மிகக் கொடியது.

ரப்பர் வளையங்களும் குழாய்களும் மூன்றாவது. பழைய ரப்பரின் வழியே ஆர்-134ஏ மூலக்கூறுகள் ஆர்-12-ஐவிட எளிதாகக் கசியும். ஆதலால் உட்புறத்தில் நைலான் படலம் கொண்ட குழாய்களும், அந்த வாயுவுக்கு ஏற்ற ஓ-ரிங்குகளும் வேண்டும். பழைய காரின் குழாய்க்கு அதே அளவில் புதியது கிடைக்காவிட்டால், இரு முனைகளிலுமுள்ள உலோகப் பகுதியைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு, நடுவே புதுக் குழாயை அழுத்திப் பிணைத்துக் கொடுக்கும் பட்டறைகள் மதுரையிலும் கோவையிலும் இருக்கின்றன. வண்டியை அங்கே ஓட்டிப்போக வேண்டியதில்லை, குழாயை மட்டும் கொடுத்தனுப்பினால் போதும்.

கடைசியாக, சமவெளியில் வாழும் நமக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது கண்டென்சர். ஆர்-134ஏ வாயு கடும் வெயிலில் ஆர்-12-ஐவிட அதிக அழுத்தத்துக்கு ஏறுகிறது. கொடைக்கானலில் சுவிட்சைப் போட்டவுடன் சில்லென்று வீசும் அதே சாதனம், வத்தலக்குண்டில் இறங்கியவுடன் திணறுவதற்குக் காரணம் இதுவே: வெளிக்காற்றே 40 டிகிரியை நெருங்கும்போது, அந்தக் காற்றிலே தன் உஷ்ணத்தைக் கொட்டவேண்டிய கண்டென்சருக்கு வேலை கடினமாகிவிடுகிறது. பழைய கார்களில் வளைந்து வளைந்து செல்லும் ஒற்றைக் குழாய்க் கண்டென்சரே இருக்கும். அதற்குப் பதிலாகப் பல நுண்குழாய்கள் இணையாக ஓடும் புதுவகைக் கண்டென்சரை, ரேடியேட்டருக்கு முன்னுள்ள இடத்தை அளந்து பொருத்தி, அதன் முன்னே ஒரு மின்விசிறியையும் சேர்த்துவிட்டால், பழைய காரில் செய்யக்கூடிய மேம்பாடுகளில் மிகுந்த பலன் தருவது அதுவே என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். கூடவே, அழுத்தம் எல்லை மீறினால் கம்பிரசரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சும் இருக்கவேண்டும். தனிப்பெட்டியாகப் பொருத்திய பழைய சாதனங்கள் சிலவற்றில் அந்தப் பாதுகாப்பே இல்லை.

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளைச் சுற்றி ஓடும் வண்டிகளில் பஞ்சுத் தூசியும், தேசிய நெடுஞ்சாலையில் ஓடுபவற்றில் பூச்சிகளும் புழுதியும், கண்டென்சரின் தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்கின்றன. மென்மையான நீர்வீச்சினால் இதைக் கழுவினாலே பாதிக் குளிர்ச்சி திரும்பிய வண்டிகள் உண்டு. சர்வீஸ் நிலையத்தின் பலத்த நீர்வீச்சோ தகடுகளை மடக்கிக் காற்று போகும் வழியையே அடைத்துவிடும்.

> பெட்டிச் செய்தி: வேலையின் வரிசை
>
> முதலில் நைட்ரஜன் வாயுவை அழுத்தி ஓட்டையைத் தேடவேண்டும். ஆக்சிஜனை ஒருபோதும் செலுத்தலாகாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். ஓட்டை அடைபட்டபின் வேக்கம் பம்பினால் குறைந்தது அரைமணி நேரம் உள்ளிருக்கும் காற்றை இழுக்கவேண்டும். வெற்றிடத்தில் நீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும் என்பதால் ஈரமும் அத்தோடு போகும். பம்பை நிறுத்தியபின் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு தராசில் எடை பார்த்து வாயு நிரப்பவேண்டும். ஆர்-12 சாதனத்தை மாற்றியமைத்தால், பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம்வரை ஆர்-134ஏ போதும். கூடுதல் வாயு கூடுதல் குளிர்ச்சியைத் தராது. அழுத்தத்தை ஏற்றிக் குளிர்ச்சியைக் குறைக்கும்.

மலிவு வாயுவும் மரண பயமும்

விலை குறைவென்று ஆசைகாட்டி, சமையல் எரிவாயுவையோ அதை ஒத்த ஹைட்ரோகார்பன் கலவையையோ பழைய காரின் குளிர்சாதனத்தில் நிரப்பும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் மறைவாக நடைபெற்று வருகிறது. அந்த வாயு நன்றாகவே குளிர்விக்கும், எண்ணெயோடும் ஒத்துப்போகும், அதனாலேயே அது அபாயகரமான சோதனையாகிறது. கூலிங் காயில் பிரயாணிகள் அமர்ந்திருக்கும் அறைக்குள்ளேயே இருக்கிறது. அதில் கசிவு ஏற்பட்டால், கண்ணாடி ஏற்றிய காருக்குள், தீப்பற்றும் வாயு நிறைந்த காற்றின் நடுவே, ஒரு சுவிட்சின் பொறியே போதுமானது. முன்புறம் மோதும் விபத்தில் முதலில் நசுங்குவதும் கண்டென்சரே என்பதை எண்ணிப்பார்த்தால், இதைச் செய்யத் துணிபவர்கள் தம் வாடிக்கையாளரின் குழந்தைகளைப் பணயம் வைக்கிறார்கள் என்றே சொல்லவேண்டியிருக்கிறது.

கலப்படமோ இதைவிடப் பயங்கரமானது. ஆர்-134ஏ என்று பெயர் ஒட்டிய உருளைகளுக்குள் ஆர்-40 எனப்படும் மெதில் குளோரைடு கலந்து விற்கப்பட்ட நிகழ்ச்சிகள் உலகின் பல பாகங்களில் கண்டறியப்பட்டுள்ளன. அது நச்சுடையது, தீப்பற்றக்கூடியது; அத்துடன் அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டவுடனே தானாகத் தீப்பிடிக்கும் ஒரு பொருளாக மாறவல்லது. 2011-ஆம் ஆண்டில் கப்பல்களில் ஏற்றும் குளிர்பதனக் கொள்கலன்கள் வியட்நாமிலும் பிரேசிலிலும் வெடித்து மூன்று தொழிலாளிகள் மாண்டதற்கு இந்தக் கலப்பட வாயுவே காரணமென்று கண்டார்கள். நம் கார்களின் கண்டென்சரும் கம்பிரசரின் உடலும் அலுமினியமே. முத்திரையிட்ட உருளையைத் தம் கண்ணெதிரே திறக்கும்படி கேட்பதற்கு வண்டிக்காரர் கூச்சப்பட வேண்டியதில்லை. நேர்மையான மெக்கானிக் அதற்காக வருத்தப்படவும் மாட்டார்.

ஓட்டையைத் தானே அடைக்கும் என்று சொல்லி விற்கப்படும் திரவங்களையும் தவிர்க்கவேண்டும். அவை ஓட்டையோடு வால்வின் துவாரத்தையும் சேர்த்தே அடைத்துவிடுகின்றன.

எஞ்சினின் பலமும் வெயிலின் சுமையும்

மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சின் தரும் சக்தி ஏறக்குறைய 37 குதிரைசக்தியே. அம்பாசடரின் 1489 சி.சி. டீசல் எஞ்சினும் அதைவிட வெகுவாக மேம்பட்டதன்று. கம்பிரசர் அதில் இரண்டு மூன்று குதிரைசக்தியை, கடும் வெயிலில் அதற்கு மேலும், எடுத்துக்கொள்கிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் அனுபவமுள்ள டிரைவர்கள் கை தானாகச் சென்று ஏசி சுவிட்சை அணைப்பது இதனால்தான். சமவெளியிலும், கார் நின்றிருக்கும்போது எஞ்சின் சுழற்சியைச் சற்றே உயர்த்திக் கொடுக்கும் ஐடில்-அப் சாதனம் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால், பேருந்து நிலையத்து நெரிசலில் வண்டி நடுங்கி நின்றுவிடும். டைனமோ பூட்டிய மிகப் பழைய அம்பாசடர்களில் புளோயருக்கும் மின்விசிறிக்கும் போதிய மின்சாரம் கிடைப்பதில்லை; குளிர்சாதனத்துக்கு முன்பே ஆல்டர்னேட்டர் பொருத்த வேண்டியிருக்கும். ரேடியேட்டர் அடைப்புள்ள வண்டியில் கண்டென்சரின் சூட்டையும் சேர்ப்பது எஞ்சினுக்கே ஆபத்து.

இவ்வளவும் சொன்னபின், ஒரு காசும் வாயுவுக்குச் செலவிடாமல் குளிர்ச்சியைக் கூட்டும் வழிகளையும் சொல்லாமல் விடலாகாது. இவற்றைப் பட்டறைகளில் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஹீட்டர் வால்வு முழுவதும் மூடாமல் எஞ்சினின் வெந்நீர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தால், ஒரு பக்கம் குளிர்விப்பதை மறுபக்கம் சூடாக்கிக்கொண்டே இருக்கும். கேபிளைச் சரிசெய்தால் தீர்ந்தது. பழைய கார்கள் பலவற்றில் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரே கிடையாதாகையால், கூலிங் காயிலின் முகத்தில் தூசு கம்பளிபோல் படிந்து காற்று நுழைய இடமின்றிப் போகும். கதவுகளின் பீடிங் ரப்பர் தேய்ந்திருந்தால் வெளிக்காற்று இடையறாது உள்ளே வரும். தரைவிரிப்புக்கு அடியிலும், எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையேயுள்ள தகட்டிலும் வெப்பத்தடுப்பு மெத்தை ஒட்டுவதால் வரும் வேற்றுமை, அம்பாசடர் போன்ற தகர மேனி வண்டிகளில் கையால் தொட்டுணரத்தக்கது. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் வெளியே உள்ளதைவிட 20 டிகிரிக்கு மேலும் ஏறிவிடுகிறது. ஏறியவுடனே கண்ணாடிகளை இறக்கி அந்த அனலைப் போகவிட்டு, பிறகு காற்று உள்ளேயே சுழலும்படி வைத்தால் சாதனத்தின் சுமை பெரிதும் குறையும். அந்த வெப்பத்தில் குழந்தையையோ முதியவரையோ, ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று சொல்லி விட்டுச் செல்வது உயிருக்கே உலை வைப்பதாகும்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள், 2012 ஏப்ரல் 27-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு விதித்த தடையை நினைவில் கொள்ளவேண்டும். முன், பின் கண்ணாடிகளின் வழியே 70 சதவீத ஒளியும் பக்கக் கண்ணாடிகளின் வழியே 50 சதவீத ஒளியும் புகவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

செலவிடலாமா, விட்டுவிடலாமா?

பதினைந்து ஆண்டு முடிந்து, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓடும் ஒரு காரின் விற்பனை விலையைவிட, கம்பிரசர், கண்டென்சர், கூலிங் காயில், குழாய்கள் அனைத்தையும் புதிதாக்கும் செலவு சில சமயம் அதிகமாகிவிடக்கூடும். அப்படியானால் இது வீண் செலவா? விற்கும் விலையை மட்டும் அளவுகோலாகக் கொள்வது சரியன்று என்பது என் அபிப்பிராயம். புதிய கார் வாங்கும் சக்தியில்லாத குடும்பத்துக்கு, டயாலிசிஸுக்காக வாரந்தோறும் போய்வரும் தகப்பனாருக்கு, ஒட்டன்சத்திரச் சந்தைக்கும் நகரத்துக்கும் இடையே நாள் முழுவதும் அலையும் வியாபாரிக்கு, அந்தக் குளிர்ச்சியின் மதிப்பை இரண்டாங்கை மார்க்கெட் சொல்லாது. ஆனால் எஞ்சினில் புகை தள்ளும், அடித்தகடு துருவேறிய வண்டியில் இந்தச் செலவைச் செய்ய நான் ஒருவருக்கும் யோசனை சொல்லமாட்டேன். முதலில் எஞ்சின், பிறகு ரேடியேட்டர், அதற்கும் பிறகே குளிர்சாதனம்.

முழு வேலையையும் ஒரே தடவையில் செய்யப் பணம் இல்லாதவர்கள், கசிவைக் கண்டு அதை மட்டும் அடைத்து, டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றி, எடைப்படி வாயு நிரப்பிக்கொண்டு இந்தக் கோடையைக் கடக்கலாம். கண்டென்சரை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். காயிலில் ஓட்டை இருந்தால் அதைப் பற்றவைத்துப் பார்க்கும் முயற்சி மட்டும் நிலைப்பதில்லை. டாஷ்போர்டைக் கழற்றிப் பூட்டும் கூலி இரண்டு மடங்காவதே மிச்சம். மழைக்காலத்திலும் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் ஏசியை ஓடவிட்டால், கம்பிரசர் தண்டின் சீல் எண்ணெயில் நனைந்து வறளாமல் இருக்கும். பல கசிவுகள் பிறக்காமலே போகும்.

காற்றில் கலப்பது எங்கே போகிறது?

ஓசோனைக் கெடுப்பதில்லை என்பதற்காக வரவேற்கப்பட்ட ஆர்-134ஏ, பூமியைச் சூடாக்குவதில் சளைத்ததன்று. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-134ஏ 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஒரு சிறு காரிலிருந்து அரைக் கிலோ வாயு கசிந்தால், அது 715 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்; ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஒப்பானது. அவ்வளவு பெட்ரோலில் சிறிய கார் ஒன்று திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு ஐந்து தடவை போய்த் திரும்பிவிடும். ஆண்டுதோறும் ஓட்டையோடு நிரப்பிக்கொள்ளும் ஒவ்வொரு வண்டியும் இந்தக் கணக்கை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போகிறது.

> பெட்டிச் செய்தி: இனி வரும் காலம்
>
> 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரத்தில் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு ஏற்பட்ட திருத்தத்தின்படி, ஆர்-134ஏ உள்ளிட்ட ஹெச்.எஃப்.சி. வாயுக்களையும் நாடுகள் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. 2028-இல் இங்கே அவற்றின் அளவு உறையும். 2032-இல் 10 சதவீதம், 2037-இல் 20, 2042-இல் 30, 2047-இல் 85 சதவீதம் என்று குறையும். ஐரோப்பாவில் 2017 முதல் எல்லாப் புதிய கார்களிலும் வெப்பமேற்றும் திறன் மிகக் குறைந்த வாயுக்களே அனுமதிக்கப்படுகின்றன. ஆர்-1234ஒய்எஃப் அவற்றுள் முதன்மையானது.

ஆர்-12 அருகி விலையேறிப்போன அனுபவம் ஆர்-134ஏ-க்கும் வராது என்று எண்ண இடமில்லை. இன்று ஓட்டையை அடைப்பவர் நாளைய விலையேற்றத்திலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்கிறார்.

பட்டறையில் வேலை செய்யும் பையன்களின் நிலைமையையும் பார்க்கவேண்டும். குழாயைக் கழற்றும்போது சீறி வரும் திரவம் கண்ணில் பட்டால் பனிப்புண் உண்டாகிப் பார்வையே போகக்கூடும். வாயு நிறைந்த இடத்தில் வெல்டிங் சுடர் எரிந்தால், வாயு சிதைந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் போன்ற கொடிய புகைகள் எழும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஒரு பையனை வேலைக்கு அனுப்பும் முதலாளி, அவனுக்குக் கூலியைத் தவிர வேறொன்றையும் கொடுத்து அனுப்புகிறார்.

பழைய வாயுவைக் காற்றில் விடாமல் உருளைக்குள் இழுத்துக்கொள்ளும் ரிகவரி இயந்திரம் ஒவ்வொரு சிறு பட்டறைக்கும் கட்டுப்படியாகக்கூடிய விலையில் இல்லை. ஆனால் பழனி சாலையிலும் திருச்சி சாலையிலும் மதுரை சாலையிலும் உள்ள மெக்கானிக்குகள் கூட்டாக ஒன்றை வாங்கி முறைபோட்டு உபயோகித்துக்கொள்ள முடியாதா? ஆர்-12-ஐ நிறுத்திய காலத்தில் மத்திய அரசு ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து முதலிய நாடுகளின் துணையோடு குளிர்சாதன மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியளித்தது போல, இப்போது மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களின் வழியாகக் கோடைக்கு முன்பு சில தினங்கள் மாலை வகுப்புகள் நடத்தக்கூடாதா? மெக்கானிக்குகளில் கற்க ஆசைப்படாதவர்கள் அநேகர் என்று நான் நம்பவில்லை. கற்றுக்கொடுக்கவும் கருவி வாங்கவும் வழியில்லாமல் இருப்பவர்களே அதிகம்.

இதற்கு முன்னே, பணமே செலவாகாத ஒரு காரியத்தை நாளைக்கே தொடங்கிவிடலாம். வேலை முடிந்ததும் பானெட்டின் அடியில் ஒரு சீட்டு ஒட்டவேண்டும்: நிரப்பிய வாயு எது, எத்தனை கிராம், எண்ணெய் எந்த வகை, டிரையரை மாற்றிய தேதி என்ன, கசிவு எந்த மூட்டில் இருந்தது. அடுத்த முறை வண்டி எந்த ஊரில் நின்றாலும், அங்கே பானெட்டைத் திறக்கும் மெக்கானிக் ஊகத்தில் வேலை செய்ய வேண்டியிராது; கனிம எண்ணெயில் பிஏஜியைக் கலந்துவிடும் விபத்தும், ஒரு வாயுவின்மேல் வேறொரு வாயுவை நிரப்பும் விபத்தும் நேராது. வண்டியை எடுக்க வரும்போது ரசீதோடு இந்தச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்; எழுதித்தரத் தயங்கும் இடத்தில், தராசு இருந்ததா, எடை பார்த்தே நிரப்பினார்களா என்று மரியாதையோடு விசாரியுங்கள்.